ருஷ்யா சிப் எல்லாம் திருட்டு சிப்தானா?

ஜனவரி 14, இரவு 10.20 (கேள்வி)

சோவியத் காலத்து மைக்ரோபிராசசர் பத்தி ரெண்டு நாளா படிச்சிட்டிருக்கேன். எனக்கு புரிஞ்ச வரைக்கும் எல்லாமே அமெரிக்காக்காரன் சிப்ப ஆசிட் ஊத்தி தெறந்து பாத்து அப்படியே அச்சடிச்சதுதான், சொந்தமா ஒண்ணும் பண்ணல. அப்புறம் எதுக்கு இன்னிக்கும் கொஞ்ச பேரு அத காசு குடுத்து வாங்கி, உடைச்சு, போட்டோ எடுத்து ஆராய்ச்சி பண்றாங்க? காப்பி அடிச்ச பரிட்சை பேப்பர உக்காந்து திருத்துற மாதிரில்ல இருக்கு?

ஜனவரி 14, இரவு 11.55

நான் அந்த "கொஞ்ச பேர்"ல ஒருத்தன். பரிட்சை பேப்பர்னு சொன்னீங்களே, எந்த வாத்தியாரையும் கேட்டுப் பாருங்க, காப்பி அடிச்ச பேப்பர்தான் திருத்த சுவாரசியம். எவன் புரிஞ்சு எழுதினான், எவன் பக்கத்து பையன் அடிச்சு விட்டதையும் சேத்து எழுதினான்னு அதுலதான் தெரியும்.

காப்பிய மறுக்கல. கேஆர்580விஎம்80ஏ, இன்டெல் 8080 வம்சம், கீவ்ல வடிவமைச்சது, 5000 டிரான்சிஸ்டர். கே1810விஎம்86 பேர்லயே 86 இருக்கு, இன்டெல் 8086. கே589 இன்டெல் 3000 வரிசை, கே1804 ஏஎம்டி 2900 வரிசை. 1801 வரிசை டெக்ங்கற அமெரிக்க கம்ப்யூட்டர் கம்பெனியோட எல்எஸ்ஐ-11 சிப்போட காப்பி. நாளைக்கு மீதி எழுதறேன், தூக்கம் வருது.

ஜனவரி 15, காலை 7.10

நேத்து எழுதினதுல 1801 பத்தி சொன்னது தப்பு. தூக்கக் கலக்கத்துல எழுதக்கூடாதுன்றது இதுக்குத்தான். விவரமா அப்புறம் வர்றேன், அதுக்குள்ள யாரும் அத எடுத்து வேற எங்கயும் ஒட்டிடாதீங்க.

ஜனவரி 15, இரவு 9.30

மொதல்ல எனக்கு எப்படி இந்த பைத்தியம் புடிச்சுதுன்னு சொல்லிடறேன். நம்ம ஊர்ல பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ படிச்ச எல்லாருக்கும் இன்டெல் 8085 பிராசசர் வச்ச பயிற்சி கிட் தெரியும், பச்சை போர்டு, ஹெக்ஸ் (0-9, ஏ-எஃப் வச்சு எழுதற எண்முறை) கீபேட், ஆறு சிவப்பு செவன் செக்மெண்ட், ரெக்கார்டு நோட்டுல ஆப்கோட் (ஒவ்வொரு கட்டளைக்கும் உள்ள எண்) டேபிள் பாத்து கையால அசெம்பிள் பண்ணி 3இ 05 06 03 80 76னு தட்டி, அஞ்சும் மூணும் எட்டுன்னு வந்தா அட்டெண்டருக்குக்கூட பெருமையா காட்டுவோம். வேலைக்கு வந்து இருவது வருசம் கழிச்சு 1980கள்ல வந்த ஒரு சோவியத் பத்திரிகையோட ஸ்கேன் கண்ல பட்டுது. ரேடியோன்னு ஒரு மாசப் பத்திரிகை. ருஷ்ய எழுத்து ஒண்ணு தெரியாது எனக்கு. ஆனா பக்கம் பூரா ஹெக்ஸ். 3இ, 06, 80, 76. மொழி தெரியாத ஊர்ல பஸ் ஸ்டாண்டுல யாரோ நம்ம பேர சொல்லி கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. 8085க்கு 8080 அப்பா, அந்த பத்திரிகையில வந்த 580 வரிசை சிப்புக்கு 8080 பெரியப்பா முறை, அதனால ஆப்கோட் அப்படியே ஒண்ணு.

அந்த பத்திரிகையில 1982-83ல மைக்ரோ-80ன்னு ஒரு கம்ப்யூட்டர நீங்களே வீட்ல செஞ்சுக்கலாம்னு தொடரா போட்டாங்க. எழுதினது மாஸ்கோவுல ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில இருந்த மூணு பேரு, ஸெலென்கோ, பனோவ், பப்போவ். கிட்டத்தட்ட 200 ஐசி, கையால வயர் பண்ணனும். இத அவங்க மொதல்ல மந்திரி அலுவலகத்துக்குத்தான் கொண்டு போயிருக்காங்க. துணை அமைச்சர் சொன்ன பதில பப்போவே பிற்பாடு எழுதியிருக்காரு: தம்பிகளா, சொந்த கார் இருக்கலாம், சொந்த பென்ஷன் இருக்கலாம், சொந்த தோட்ட வீடு இருக்கலாம், சொந்தமா கம்ப்யூட்டர் எப்படிடா இருக்கும், கம்ப்யூட்டர்னா 100 சதுர மீட்டர் இடம், 25 ஆளு, மாசம் 30 லிட்டர் ஸ்பிரிட்டு!

ஸ்பிரிட்டு மெஷின தொடைக்கத்தான். மாசம் 30 லிட்டரும் மெஷின்தான் குடிச்சுதான்னு நான் கேக்கல.

ஜனவரி 16, மதியம் 1.05

ஒருத்தர் தனியா கேட்டிருந்தாரு, ஈபேல தேடினா கேஆர்580விஎம்80ஏ அதிகம் வர மாட்டேங்குதேன்னு. வராது. சிப் மேல ருஷ்ய எழுத்துல இருக்கும். அவங்க "ர்" எழுத்து பாக்க இங்கிலீஷ் P மாதிரி, அவங்க "வ" பாக்க இங்கிலீஷ் B மாதிரி. அதனால விக்கிறவங்க பாதிப் பேரு கண்ணுக்கு தெரிஞ்சத அப்படியே தட்டி கேபி580பிஎம்80ஏ (KP580BM80A)ன்னு போடுவாங்க. ரெண்டு விதமாவும் தேடணும். நானே மூணு வருசம் பிஎம்னுதான் சொல்லிட்டு திரிஞ்சேன், ஒரு ருஷ்யாக்காரர்கிட்ட மெயில்ல அப்படியே எழுதி அவரு சிரிச்சு வச்சாரு.

அந்த பேர்ல ஒரு ஒழுங்கு இருக்கு, புரிஞ்சா ரொம்ப சுலபம். கே வந்தா சாதாரண உபயோகத்துக்கு, ராணுவத்துக்கு போறதுல கே இருக்காது. ஆர் பிளாஸ்டிக் உறை, எம் செராமிக். நடுவுல வரிசை எண். அப்புறம் வேலை என்னன்னு ரெண்டெழுத்து: விஎம்னா பிராசசர், விஇன்னா ஒரே சிப்புல முழு கம்ப்யூட்டர், விஜின்னா கன்ட்ரோலர். இதே சிப் ஆரம்பத்துல கே580ஐகே80ன்னு இருந்துது, 48 கால் உள்ள வேற உறையில வந்துது, பிற்பாடுதான் 40 காலாச்சு. பேர படிக்கத் தெரிஞ்சா டேட்டாஷீட்டே வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா குப்பைக் கடையில நின்னு எது என்னன்னு சொல்லிடலாம். நம்ம ஐசி கம்பெனிகள் ஆளுக்கொரு பேர் வச்சு குழப்புறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

ஜனவரி 16, இரவு 10.45

சரி, 1801. இதுலதான் நான் உளறினேன், கேள்வி கேட்டவருக்கு நேர் பதிலும் இதுதான்.

மாஸ்கோவுக்கு வடமேற்கால ஸெலனோகிராத்னு ஒரு ஊர், பேருக்கு அர்த்தம் பசுமை நகரம். நம்ம ஆளுங்க சோவியத் சிலிக்கான் வேலின்னு சொல்றது அதத்தான். 1970கள்ல அங்க இருந்தவங்க தங்களுக்குன்னு சொந்தமா ஒரு கட்டளைத் தொகுப்பே (பிராசசருக்கு புரியற கட்டளைகளோட பட்டியல்) வச்சிருந்தாங்க, எலெக்ட்ரோனிகா என்சின்னு பேரு, என்சின்னா விஞ்ஞான மையம்ங்கறதோட சுருக்கம். அந்த கட்டளைத் தொகுப்புலதான் 1801விஇ1ன்னு ஒரே சிப் கம்ப்யூட்டர் பண்ணினாங்க. 16 பிட். அப்புறம் மேல இருந்து உத்தரவு, சொந்தக் கட்டளைத் தொகுப்ப விட்டுட்டு டெக் கம்பெனியோட பிடிபி-11 கம்ப்யூட்டருக்கு ஒத்துப் போங்கன்னு. ஏன்னா பிடிபி-11க்கு எழுதின சாஃப்ட்வேர் உலகம் பூரா கெடந்துது, அத சும்மா எடுத்து ஓட்டலாம். அதுல வந்ததுதான் 1801விஎம்1.

இப்ப கவனிங்க. பிடிபி-11 குடும்பத்துல சின்னதான டெக்கோட எல்எஸ்ஐ-11ல பிராசசர் ஒரே சிப் கெடையாது, வெஸ்டர்ன் டிஜிட்டல் பண்ணின பல சிப் செட்டு. அத அப்படியே காப்பி அடிச்சது 581 வரிசை, அது எலெக்ட்ரோனிகா-60ல உக்காந்துது. 1801விஎம்1 ஒத்தை சிப். பாத்து எழுத அந்தப் பக்கம் பேப்பரே இல்ல! கேள்வித்தாள் டெக்கோடது, விடை ஸெலனோகிராத்துக்காரன் சொந்தமா எழுதினது. கட்டளை ஒண்ணா இருக்கறதால உள்ள இருக்கற சிலிக்கானும் காப்பின்னு நெனைச்சா அது முந்தாநாள் நான் பண்ணின தப்பு.

(எலெக்ட்ரோனிகா-60னா, பஜித்னோவ் 1984ல டெட்ரிஸ் எழுதின மெஷின் அதேதான். கிராஃபிக்ஸே கெடையாது அதுல, கட்டைய எல்லாம் ப்ராக்கெட் குறி போட்டு வரைஞ்சாரு. திருட்டு சிப்புல பொறந்த அந்த ஆட்டத்த அப்புறம் உலகமே உரிமைக்கு அடிச்சுகிட்டுது.)

ஜனவரி 19, இரவு 8.15

மூணு நாளா காணோமேன்னு கேட்டவருக்கு: ஒரு சிப்ப கொன்னுட்டு துக்கம் காத்தேன்.

8080க்கும் அதோட ருஷ்ய தம்பிக்கும் மூணு சப்ளை வேணும், +5, +12, −5 வோல்ட். இதுல −5 மொதல்ல வரணும், கடைசியா போகணும். அது இல்லாம மத்த ரெண்டும் வந்தா சிப் சூடாகி செத்துரும். இத நான் பத்து பேருக்கு சொல்லிக் குடுத்திருக்கேன். அன்னிக்கு −5 ஒயர் பிரெட்போர்டுல ஒரு ஓட்டை தள்ளி சொருகி இருந்துது. மேல வெரல வச்சுப் பாத்தப்ப தோசைக்கல்லு. 1989 தேதி போட்ட சிப், இத்தனை வருசம் எங்கயோ ஒரு டப்பாவுல நிம்மதியா கெடந்தது, என் கைக்கு வந்து மூணு நிமிஷத்துல போயிடுச்சு. வீட்ல "புதுசு வாங்கிக்கலாம்ல"ன்னாங்க. புதுசு எங்க போய் வாங்க.

ஜனவரி 20, காலை 6.50

ஒரு சந்தேகம் வந்திருக்கு, சோவியத் சிப் நம்ம சாக்கெட்ல ஏறுமான்னு. ஏறும், முனகிகிட்டே ஏறும். அமெரிக்க ஐசிக்கு காலுக்கு கால் இடைவெளி ஒரு இஞ்சுல பத்துல ஒரு பங்கு, அதாவது 2.54 மிமீ. சோவியத்துல எல்லாம் மெட்ரிக், 2.5 மிமீன்னு வச்சுட்டாங்க. 14 கால் ஐசிக்கு தெரியவே தெரியாது. 40 காலுக்கு ஒரு பக்கம் 19 இடைவெளி, ஒவ்வொண்ணுலயும் 0.04 போனா மொத்தம் 0.76 மிமீ. நடுக் கால் நேரா நிக்கும், ஓரக் கால் ரெண்டும் வெளிப்பக்கமா சாய்ஞ்சு நிக்கும். மொதல் தடவை ஒரு கால ஒடிச்சுட்டேன். உருட்டு ஓட்டை உள்ள சாக்கெட் வேணாம், மலிவான தகடு சாக்கெட்டுதான் இதுக்கு வளைஞ்சு குடுக்கும்.

ஜனவரி 22, இரவு 11.20

"அப்ப இப்ப இருக்கறவங்க என்னதான் கண்டுபிடிக்கறாங்க"ன்னு மறுபடி கேள்வி. ரெண்டு மூணு சொல்றேன்.

செராமிக் உறைன்னா மேல மூடிய பிளேடு வச்சு தட்டினா தெறந்துரும், நான் அதோட நிறுத்திக்கறேன். பிளாஸ்டிக் உறைய ஆசிட்ல கரைக்கணும், வீட்ல பண்ற வேலை கெடையாது, தயவுசெஞ்சு யாரும் கிச்சன்ல ட்ரை பண்ணாதீங்க. ஆசிட் கெடைக்காத ருஷ்ய ஆளுங்க சில பேரு சால்டரிங்குக்கு வைக்கிற ரோசின கொதிக்க வச்சு அதுல சிப்ப போட்டு வேக வைப்பாங்க, பிளாஸ்டிக் கொழைஞ்சு போயிரும். நாத்தம் மூணு தெரு தாண்டும்னு கேள்வி. அப்புறம் மைக்ரோஸ்கோப்புல துண்டு துண்டா போட்டோ எடுத்து ஒட்டி, மெட்டல் லேயர எடுத்துட்டு மறுபடி எடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரா கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, கடைசியில அத வெரிலாக்ல (சர்க்யூட்ட எழுத்தா எழுதற மொழி) எழுதி எஃப்பிஜிஏல (வேணுங்கற சர்க்யூட்டா மாத்திக்கற சிப்) ஓட்டிப் பாக்கறது. ஒரு சிப்புக்கு மாசக்கணக்குல ஆகும், யாரும் சம்பளம் குடுக்கறதில்ல.

இப்படி கேஆர்580விஎம்80ஏவ முழுசா படிச்சு 2014 வாக்குல வெளியிட்டாங்க. டிரான்சிஸ்டர் எண்ணிக்கை 4758. நான் 14ஆம் தேதி 5000னு எழுதினேன்ல, அதுதான் காலங்காலமா புத்தகத்துல இருந்துது, இன்னும் சிலது 4500ன்னு சொல்லும். எண்ணிப் பாத்தது இவங்கதான். 1801விஎம்1, விஎம்2 எல்லாத்தையும் அதே மாதிரி படிச்சு வச்சிருக்காங்க.

கேஆர்1858விஎம்1ன்னு, ஸைலாக்ங்கற அமெரிக்க கம்பெனியோட இஸட்80 பிராசசருக்கு ஒத்துப் போற சிப் ஒண்ணு. தெறந்து பாத்தா அது ஸைலாக்க நேரா பாத்து அடிச்சது இல்ல, கிழக்கு ஜெர்மனியில எர்ஃபுர்ட்ல பண்ணின யூ880 உள்ள உக்காந்திருக்கு. காப்பியோட காப்பி, அண்ணன் நோட்ட தம்பி பாத்த கத. இஸட்80ய வடிவமைச்ச ஷிமா, காப்பி அடிக்கறவன் ஏமாறணும்னே ஆறு டிரான்சிஸ்டர பாக்க ஒரு மாதிரியும் வேலைல வேற மாதிரியும் வச்சேன்னு பிற்காலத்துல ஒரு பேட்டியில சொல்லியிருக்காரு. ஆக "அப்படியே அச்சடிச்சான்"ங்கற அளவுக்கு அது லேசான வேலை இல்ல, உள்ள கண்ணி வச்சிருப்பான், உங்க ஃபேக்டரி ப்ராசஸ் வேற, நீங்க ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் புரிஞ்சு மறுபடி வரையணும்.

அதே 580 வரிசையில கேஆர்580விஎம்1ன்னு ஒண்ணு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால தப்பா வாங்கிடாதீங்க, ஆனா தப்பா வாங்கினா அதிர்ஷ்டம். 8080 கட்டளை எல்லாம் ஓடும், அதுக்கு மேல கூடுதலா ஒரு ஹெச்எல் ஜோடி (பிராசசருக்குள்ள எண் வைக்கிற இடம்), ரெண்டு 64 கேபி நினைவகம், ஒரே +5 சப்ளை (என் வெரல் பொழைக்கும்). இன்டெல் 8085 பண்ணினான், ஸைலாக் இஸட்80 பண்ணினான், இவங்க மூணாவது ரோட்டுல போயிருக்காங்க. பாத்து எழுதறதுக்கு அப்படி ஒரு சிப் அந்தப் பக்கம் இல்லவே இல்ல. சொந்தமா ஒண்ணுமே பண்ணலன்னவரு இத கொஞ்சம் கவனிக்கணும்.

ஜனவரி 23, காலை 8.00

இன்னொண்ணு விட்டுட்டேன். பிகே-0010ன்னு 1985 வாக்குல வந்த வீட்டு கம்ப்யூட்டர், 1801விஎம்1 3 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், 16 பிட் வீட்டு கம்ப்யூட்டர்னா அந்தக் காலத்துக்கு பெரிய விஷயம். அந்த பிராசசருக்குள்ள ஒரு டைமர் இருந்துது, 177706, 177710, 177712 முகவரியில (எட்டு அடிப்படையில எழுதின ஆக்டல் எண் இது, பயப்படாதீங்க). கம்ப்யூட்டரோட வந்த புத்தகத்துல அத பத்தி ஒரு வரி கெடையாது. வாங்கின பசங்கதான் நோண்டி கண்டுபிடிச்சு கேம்ல உபயோகிச்சாங்க. மேனுவல்ல இல்லாதத தேடறது அங்க ஒரு தேசிய விளையாட்டுன்னே சொல்லலாம். பி3-34ன்னு ப்ரோகிராம் போடற கால்குலேட்டர், 98 ஸ்டெப்தான் நினைவகம், தப்பு வந்தா இங்கிலீஷ்ல எரர்னு காட்டும், ஆனா டிஸ்ப்ளேல தெரியற வடிவத்த ருஷ்ய எழுத்தா படிச்சா "யெக்காக்"னு வரும். அந்த கால்குலேட்டரோட விபரீத நடத்தைய ஆராயறதுக்கு யெக்காக்-இயல்னே பேர் வச்சு பத்திரிகையில எழுதினாங்க. இப்ப சிப் தெறக்கறவங்க அந்த பரம்பரைதான்.

ஜனவரி 25, இரவு 10.10

எல்லாம் சரி, நான் ரொம்ப வக்காலத்து வாங்கறேன்னு ஒருத்தர் திட்டியிருக்காரு. அதுலயும் நியாயம் இருக்கு. யோசிச்சேன். சொந்த என்சி கட்டளைத் தொகுப்ப கைவிட்டது எனக்கு வருத்தம்தான், ஆனா அத விடலன்னா பிகே-0010 வாங்கின பையனுக்கு ஓட்ட சாஃப்ட்வேர் எங்க இருந்து வந்திருக்கும்? சொந்தமா பண்ணி தனியா நிக்கறதா, காப்பி பண்ணி கூட்டத்துல சேர்றதான்னா, எனக்கு பதில் தெரியல, வாரத்துக்கு ஒரு தரம் மாத்திக்கறேன்.

இன்னொரு வேடிக்கை. ஸெலனோகிராத் உருவாக காரணமா இருந்தவங்கள்ல ரெண்டு பேரு அமெரிக்காக்காரங்க. ஜோயல் பார், ஆல்ஃபிரட் ஸாரன்ட். ரோசன்பர்க் உளவு வழக்கு (அமெரிக்க ரகசியங்கள சோவியத்துக்கு குடுத்ததா நடந்த வழக்கு) நேரத்துல 1950ல தப்பி ஓடினவங்க, பெர்க், ஸ்டாரோஸ்னு பேர மாத்திகிட்டு லெனின்கிராத்ல ஒரு ஆய்வகம் நடத்தினாங்க. 1962ல சோவியத் தலைவர் குருஷ்சேவ் அங்க வந்து பாத்து அசந்து போய்தான் மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் மையத்துக்கு தலையாட்டினாரு. ஊர உருவாக்கறதுக்கே ஆள அங்க இருந்துதான் எடுத்தாங்கன்னு கேள்வி கேட்டவரு சொல்லுவாரு, சொல்லிக்கட்டும்.

ஜனவரி 25, இரவு 10.40

திருட்டு பத்தி பேசிட்டு இத சொல்லாம விட்டா பாவம். 1980கள் கடைசியில டெக் கம்பெனி தன்னோட வாக்ஸ் கம்ப்யூட்டர் வரிசைக்கு சிவாக்ஸ்னு ஒரு சிப் பண்ணுச்சு. அத எப்படியும் சோவியத்துல தெறந்து பாப்பாங்கன்னு தெரிஞ்சு, சிலிக்கான் மேலயே கண்ணுக்கு தெரியாத சைசுல ருஷ்ய எழுத்துல ஒரு வரி பொறிச்சு வச்சாங்க. நல்லதா பாத்து திருடணும்னு அக்கறை இருக்கறவங்களுக்கு வாக்ஸ், அப்படிங்கற அர்த்தம் வர்ற மாதிரி, ஒரு வாழ்த்து அட்டை கம்பெனி விளம்பரத்த கிண்டல் பண்ணி. அழகு என்னன்னா அந்த ருஷ்யன் தப்பும் தவறுமா இருக்கு. அகராதிய வச்சு வார்த்தைக்கு வார்த்தை போட்டிருக்காங்க, ஒரு சொல் அந்த மொழியிலயே இல்ல. திருடனுக்கு கடுதாசி எழுதினவன் எழுத்துப்பிழையோட எழுதியிருக்கான். ருஷ்யாவுல வாக்ஸ் கட்டளைக்கு ஒத்துப் போற 1839விஎம்1ன்னு சிப் பண்ணினது வேற கதை.

பிப்ரவரி 17, இரவு 9.50

புது சிப் வந்துருச்சு, ரெண்டு. ஒண்ணுல ராணுவ முத்திரையா சின்ன வைரக் குறி இருக்குன்னு விக்கிறவரு பெருமையா போட்டிருந்தாரு, நகத்தால சொரண்டினா பெயிண்ட் வந்துருச்சு. கிண்டல் பண்ணாதீங்க, இது எனக்கு மொதல் தடவை இல்ல. தங்க மூடி போட்ட வெள்ளை செராமிக் சிப்புங்களுக்கு இன்னொரு எமன், தங்கத்துக்காக கிலோ கணக்குல ஆசிட்ல போடற ஆளுங்க. ஆராயறவங்களும் ஆசிட்லதான் போடறாங்க, அது வேற.

போலி வைரம் போட்டது நல்லாதான் ஓடுது. −5 ஒயருக்கு இந்த தடவை சிவப்பு டேப் சுத்தி வச்சேன். கேஆர்580ஜிஎஃப்24 கிளாக், 18 மெகாஹெர்ட்ஸ் க்ரிஸ்டல் போட்டா ஒன்பதால வகுத்து 2 மெகாஹெர்ட்ஸ் குடுக்கும், ப்ரோக்ராம் வைக்க ஒரு பழைய ஈப்ராம் நினைவக சிப், எட்டு எல்இடி. பாலிடெக்னிக்ல போட்ட அதே ப்ரோக்ராம், கடைசியில எல்இடிக்கு அனுப்ப ஒரு அவுட் மட்டும் சேத்தேன்: 3இ 05 06 03 80 டி3 01 76.

ரீசெட் அமுக்கினேன். 8 வரணும், 16 வந்துது. ஒரு மணி நேரம் சோவியத் கூட்டல திட்டிட்டிருந்தேன்.

பிப்ரவரி 17, இரவு 11.30

எல்இடி வரிசைய நான் தலைகீழா சால்டர் பண்ணியிருக்கேன். போர்ட திருப்பி வச்சுப் பாத்தா 8தான்.